தையல் டேப்பும் கண்ணாடிக் கட்டரும்

கண்ணாடி போடுகிறவரை யாரும் நல்ல மனநிலையில் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிற நேரம் சாமான் உடைந்திருக்கும், உடைத்தது யார் என்று வீட்டுக்குள் ஒரு வழக்கும் நடந்துகொண்டிருக்கும். இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு யன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பால்மா பெட்டி மட்டை ஒட்டியிருக்கும். மழைக்கு முந்திப் போடுவோம் என்று சொல்லி ரெண்டு மாரி போயிருக்கும். வெட்கப்பட வேண்டாம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்து வந்தவள்தான்.

நான் தில்லையடியில் இருக்கிறேன். உடுப்புத் தைப்பது என் பழைய தொழில், இப்போதும் தைக்கிறேன். அதோடு ஒன்பது வருஷமாக வீடு வீடாகப் போய் உடைந்த யன்னல் கண்ணாடி மாற்றிக் கொடுக்கிறேன். உடப்பில் இருந்து கற்பிட்டி வரைக்கும் என் கை பட்ட யன்னல்கள் இருக்கின்றன. அவற்றில் சிலதின் கதை இது.

ஆம்பிளை இல்லாத வீடு

எங்கள் பக்கம் தென்மேற்கில் இருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் ஓயாது. அப்படி ஒரு நாள் படுக்கை அறை யன்னலுக்குக் கொளுக்கி போட மறந்துவிட்டேன். காற்று யன்னல் கதவை இழுத்துச் சுவரில் ஒரே அடி, கண்ணாடி போய்விட்டது. கணவர் கட்டாரில் பஸ் ஓட்டுகிறார். கண்ணாடிக் கடைக்காரருக்குச் சொன்னேன். மூன்று நாளும் நாளைக்கு வாறேன் என்றார். நாலாவது நாள் வந்தார், கேற்றடியில் நின்று வீட்டில் ஆம்பிளை யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும், அவர் வந்த பிறகு சொல்லுங்கள் என்று திரும்பிப் போய்விட்டார். கணவர் லீவில் வர இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

கோபத்தில்தான் தொடங்கினேன். தையல் டேப்பால் சட்டத்தை அளந்து, வேறு கடையில் அதே அளவுக்குக் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தேன். அது சட்டத்துக்குள் இறங்கவில்லை. கொஞ்சம் அமத்தினேன், மூலை உடைந்து கையோடு வந்தது. நிலத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உடுப்புக்குத் தையல் போக அரை அங்குலம் கூட்டி வெட்டுவோம். கண்ணாடிக்கு எதிர்மாறு. மழைக்கு மரம் ஊதும், கண்ணாடி விட்டுக்கொடுக்காது. அதனால் பக்கத்துக்கு ரெண்டு மில்லிமீட்டராவது குறைத்து வெட்ட வேண்டும். அடுத்த கண்ணாடிக்கு முந்தி, கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற பழைய புட்டிப் பசை கல்லாகிப் போயிருந்ததை உளியால் ஒரு நாள் முழுக்கச் சுரண்டினேன். புதுப் புட்டியை மெல்லிசாகப் பூசி, கண்ணாடியை வைத்து, நடுவில் கை வைக்காமல் ஓரத்தை மட்டும் அமத்தினேன். பூப்போல உட்கார்ந்தது. நாலு பக்கமும் சின்ன ஆணி அடித்து, மேலால் புட்டியைச் சரிவாக இழுத்து முடித்தேன்.

பேப்பரில் வினாகிரி தொட்டுத் துடைத்துவிட்டு, கணவருக்கு வீடியோ கோல் எடுத்து யன்னலைக் காட்டினேன். அவர் கன நேரம் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கண்ணாடி போட்டிரிக்கா, இல்லாட்டி வெறும் சட்டத்தக் காட்டுறியா? ஒருக்கா தட்டிக் காட்டு."

மட்டை விழுந்த அறை

எனக்கு மூத்தவரான நானா நிஸ்தார் ஓட்டோ ஓட்டுகிறார். ஏறுகிற ஆட்களிடமெல்லாம் என் யன்னல் கதையைச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். ஒரு நாள் அந்த ஓட்டோவிலேயே ஒரு மாமி வந்து இறங்கினார். அவருடைய மகன் மௌத்தாகி ரெண்டு மாதம். மருமகள் பஸீனா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. காற்றுக்குத் தென்னை மட்டை ஒன்று சரிந்து வந்து அவளுடைய அறை யன்னலில் விழுந்து, ஆறு கண்ணாடியில் நாலு போய்விட்டது. ஆண் வேலைக்காரரை உள்ளே எடுக்க வழியில்லை. மாமி யன்னல் முழுக்கச் சாக்கு அடித்து வைத்திருந்தார். நான் போன நேரம் பகல் பதினொரு மணி, அறைக்குள் லைட் எரிந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் பூக்கண்ணாடியே போடுங்கள், வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே ஒரு நிழலும் தெரியக்கூடாது என்று மாமி சொன்னார். அவர் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பஸீனா என் பக்கத்தில் வந்து, அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி ராத்தா என்று கூப்பிட்டு, ஒன்றுக்கு மட்டும் சும்மா கண்ணாடி போட முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். யன்னலுக்கு அந்தப் பக்கம் வளவில் ஊஞ்சல் இருக்கிறது, ஐந்து வயது மகள் அதில்தான் ஆடுவாள், கயிற்றின் சத்தம் மட்டும்தான் தனக்குக் கேட்கிறது என்றாள். வீட்டுக்காரர் சொன்னதைச் செய்துவிட்டுப் போவதுதான் தொழிலுக்கு லேசு. எனக்கு மனம் வரவில்லை. மாமியைக் கூட்டிக்கொண்டு வெளியே ஒழுங்கைக்குப் போனேன். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒழுங்கையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் நடந்து நடந்து பார்த்தார். எங்கே நின்றாலும் யன்னலின் மேல் வரிசையைத் தென்னோலை மறைத்தது, ஆள் தெரிய வாய்ப்பே இல்லை. திரும்பி வந்து, கீழே பூக்கண்ணாடி, மேல் வரிசைக்கு உன் விருப்பம் என்றார்.

மாலை அஸர் தொழுகைக்குள் வேலை முடிந்தது. நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பஸீனா யன்னலடியில் நின்றபடியே இருந்தாள், திரும்பவில்லை. கடைசியில் சொன்னாள்:

"என்ட முகத்தப் பாத்தா அழுகிற புள்ள, அங்க சிரிச்சிக்கிட்டு ஆடுது ராத்தா. ரெண்டு மாசத்துக்குப் பொறகு இண்டைக்கித்தான் அவட சிரிப்பக் கண்டேன்."

நாலு மணிக்கு வருகிறவர்

பஸீனாவின் யன்னலுக்குப் பிறகு எனக்கு ஓய்வில்லை. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில்தானே. ஆனால் டவுன் பக்கம் என்னைக் கூப்பிட்ட தபால் மாஸ்டர் வீட்டில் வேறு பிரச்சினை. அவர் பென்ஷன் எடுத்து வீட்டோடு இருக்கிறவர். ரோட்டுப் பக்க யன்னல் ரெண்டு வருஷத்தில் மூன்றாவது தடவை உடைந்திருந்தது. உடைப்பவர் பக்கத்து வீட்டு லொறிக்கார ஜவாத் என்று அவர் முடிவே எடுத்திருந்தார். லொறி டயரில் இருந்து கல் தெறிக்கிறதாம். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் முறைப்பாடு போயிருந்தது. பெருநாளுக்குக்கூட ரெண்டு வீடும் கை கொடுப்பதில்லை.

கல் பட்டால் ஒரு புள்ளியில் இருந்து வெடிப்பு சிலந்தி வலை மாதிரி ஓடும். இந்தக் கண்ணாடியில் அப்படிப் புள்ளியே இல்லை. பெரிய இடமாக அமத்தப்பட்டு உடைந்திருந்தது. சட்டத்தில் மாட்டியிருந்த துண்டில் நாலைந்து சாம்பல் நிற மயிர், கொஞ்சம் காய்ந்த எச்சில். உடைவது எந்த நேரம் என்று கேட்டேன். மூன்று தடவையும் பின்னேரம் என்றார். வெயிலுக்காக அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், மேற்கு வெயில் பட்டதும் வெளிப்பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடியாகவே மாறிவிடுகிறது. நான் வேலையைத் தொடங்காமல் ஒரு கதிரையைப் போட்டு அவரை வாசலில் உட்காரச் சொன்னேன். ஜவாத்தையும் போய் அழைத்தேன். அவர் தன்னுடைய கேற்றைத் தாண்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு ரோட்டில் திரிகிற கழுதைகளில் ஒன்று தனியாக வந்தது. உடையாமல் இருந்த மற்றக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னையே பார்த்தது. கன்னத்தை வைத்துத் தேய்த்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, உள்ளே இருக்கிறவர் பதில் சொல்லாத கோபமோ என்னவோ, நெற்றியை வைத்துத் தள்ளத் தொடங்கியது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடி வந்து துரத்தினார்கள். நான் ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் பூக்கண்ணாடி போட்டேன். பிறகு ரெண்டு நாள் அது வந்து பார்த்துவிட்டுப் போனதாம், அதோடு சரி. அன்றைக்கு நான் புட்டி குழைக்கிற நேரம் ஜவாத் வீட்டில் இருந்து மூன்று கோப்பைத் தேத்தண்ணி வந்தது. தபால் மாஸ்டர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு வருஷமா நான் இந்த மனுசனோட கதைக்காம இருந்தது ஒரு கழுதைக்காகவா?"

உடப்பில் வந்த விருந்தாளிகள்

எல்லாம் வெற்றியென்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உடப்பில் ஒரு கலியாண வீட்டில் பன்னிரண்டு கண்ணாடி போட்டேன். புட்டியை அவ்வளவு நேராக நான் அதற்கு முந்தி இழுத்ததில்லை. அடுத்த நாள் காலையில் அந்த வீட்டு அக்கா கோல் எடுத்து உடனே வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், புட்டியில் இருக்கிற எண்ணெய் வாசத்துக்குக் காகங்கள் வந்து ஒன்பது கண்ணாடியின் புட்டியைக் கொத்தித் தின்றிருந்தன. காயாத புட்டியைக் காகமும் அணிலும் தின்னும் என்று அன்றைக்குத்தான் தெரியும். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், பெயின்ட் அடிக்கும் வரைக்கும் பழைய சேலையைத் தொங்கவிடுங்கள். புட்டியில் மிளகாய்த் தூள் கலந்து பூசுகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. அது முன்னோருக்குச் சோறு வைக்கிற வீடு, காகத்தின் வாயில் மிளகாய் பட்டால் பாவம் என்றார். கலியாணத்துக்கு ரெண்டு நாள்தான் இருந்தது. ஊர்த் தச்சரிடம் மெல்லிய மரச் சட்டம் இழைத்து வாங்கி, கொத்தினதை மறுபடி பூசி, பன்னிரண்டுக்கும் புட்டிக்கு மேலால் அடித்தேன். பார்த்தால் முந்தியதை விட வடிவாக இருந்தது. அக்கா சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கூரையில் வரிசையாக இருந்த காகங்களை நிமிர்ந்து பார்த்தார்:

"எங்கட பழைய ஆக்கள் கலியாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முதலே வந்து பந்தியில இருந்திட்டாங்க, தங்கச்சி."

ஆலங்குடாக் கதவு

ஆலங்குடாவில் கடலைப் பார்த்த ஒரு சின்ன ஹோட்டலில் இருந்து கோல் வந்தபோது, நான் வீட்டு யன்னல்தான் செய்கிறவள் என்று சொன்னேன். மெனேஜர் கெஞ்சினார். காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் ஒருவரின் பலகை கை தவறிப் பறந்து, முன் அறையின் தள்ளு கதவில் அடித்திருந்தது. அடுத்த நாள் மத்தியானம் ஒரு குடும்பம் அந்த அறைக்கு வர இருந்தது. நான் போனபோது கதவுக் கண்ணாடி முழுக்கக் கற்கண்டு மாதிரி நொறுங்கி நிலத்தில் கிடந்தது. அப்படி நொறுங்கினால் அது சூடு காட்டிப் பதப்படுத்திய கண்ணாடி. அதை நாங்கள் வெட்ட முடியாது, அளவு கொடுத்துச் செய்வித்துத்தான் எடுக்க வேண்டும். கொழும்பில் இருந்து வர இன்னும் நாலு நாளாகும் என்றார்கள்.

சாதாரணக் கண்ணாடியை இப்போதைக்குப் போட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது என்று மெனேஜர் சொன்னார். போடலாம், பார்க்கவும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் பிள்ளை ஒன்று ஓடி வந்து மோதினால் அது கத்தியாக உடையும். நான் மாட்டேன் என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அங்கே வேலை செய்கிற ரெண்டு பேர், பொம்பிளையை எதற்குக் கூப்பிட்டார் என்று எனக்குக் கேட்கிற மாதிரியே கதைத்தார்கள். எனக்கும் ரோசம் வந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு ஹோட்டலைச் சுற்றி நடந்து எல்லாக் கதவையும் அளந்தேன். பின்பக்கம், பழைய கட்டில்கள் போட்டு வைத்த சாமான் அறைக்கும் அதே தள்ளு கதவு. உயரமும் அகலமும் நூல் பிசகவில்லை. முன் அறைக்காரர் கடலைப் பார்க்க வேண்டும், பழைய கட்டில்களுக்குக் கடல் எதற்கு? கதைத்துக்கொண்டு நின்ற அதே ரெண்டு பேரையும் பிடிக்க வைத்து, பின் கதவைக் கழற்றி முன்னுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்த கீழ்ச் சில்லுச் சக்கரங்களையும் மாற்றினேன். பின்னுக்குப் பலகை அடித்தோம். ஒரு விரலால் தள்ள, கதவு சத்தமில்லாமல் ஓடியது. மெனேஜர் நாலு தடவை திறந்து நாலு தடவை மூடினார்.

"ரெண்டு நாளா நான் கொழும்புக்கு கோல் எடுத்துக்கொண்டே இருந்தேன், ராத்தா. பின்பக்கம் ஒருக்கா போய்ப் பாக்கல்ல."

கண்டக்குழியில் கோணல் யன்னல்

சென்ற வருஷக் கடைசி மழையில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கண்டக்குழியில் கடலுக்குப் போகிற ரமீஸ் என்ற பொடியன், கலியாணம் முடித்து ரெண்டு வருஷம். மனைவிக்கு ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, நாளைக்கு மத்தியானம் கூட்டிப் போகலாம், ஆனால் குளிர்காற்றும் தூசியும் படவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவனுடைய வீடு பாதி கட்டினது. ரெண்டு அறையின் யன்னல் மூன்றிலும் பொலித்தீன்தான் கட்டியிருந்தான், அதையும் முந்தின கிழமைக் காற்று கிழித்துவிட்டது. போனில் அவனுடைய சத்தத்துக்கு மேலால் பொலித்தீன் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

விடிய சுபஹ் தொழுதுவிட்டு நானாவும் நானும் புறப்பட்டோம். கையில் இருந்த கண்ணாடி மூன்றே மூன்று, கடைகள் மழைக்குப் பூட்டு. கண்ணாடிகளுக்கு இடையில் தலகாணி வைத்து, மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நானா வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை, சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. ரெண்டு யன்னல் பத்து மணிக்குள் முடிந்தது. மூன்றாவதை அளந்தபோதுதான் பிழை தெரிந்தது. மேசன் சட்டத்தைக் கோணலாக வைத்துக் கட்டியிருந்தார். மேல் அகலம் வேறு, கீழ் அகலம் வேறு, ஒரு மூலையும் நேரில்லை. கண்ணாடி ஒன்றுதான். பிழை விட்டால் பிள்ளையின் தலைமாட்டு யன்னல் திறந்தபடி கிடக்கும். டேப்பை வைத்துவிட்டுப் பழைய பேப்பர் கேட்டேன். சட்டைக் கை வெட்டுகிற மாதிரி, பேப்பரைச் சட்டத்தில் வைத்து மடித்து, அந்தக் கோணலையே அச்சாக எடுத்தேன். சுற்றிவர ரெண்டு மில்லிமீட்டர் குறைத்தேன். அச்சைக் கண்ணாடிக்குக் கீழே விரித்து, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, பிஸ்மி சொல்லி ஒரே இழுவை. அந்தக் கோட்டில் ரெண்டாம் தடவை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்குத்தான் உடையும். மேசை ஓரத்தில் வைத்து அமத்தினேன். கோட்டோடு கோடாக டிக்கென்று விட்டது. மற்றப் பக்கமும் விட்டது. ரமீஸ் அந்த நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

கண்ணாடி உட்கார்ந்து, நான் சிலிக்கன் பசை இழுத்து முடிக்கிற நேரம் வேன் சத்தம் கேட்டது. வாசம் போக வேண்டுமென்று அந்த அறைக் கதவைச் சாத்தி, பிள்ளையை முதலில் மற்ற அறையில் வைக்கச் சொன்னேன். அஸருக்குப் பிறகுதான் அறைக்குள் கொண்டு வந்தார்கள். வெளியே தென்னைகள் வளைந்து ஆடுகின்றன, மழை கண்ணாடியில் அறைகிறது. அந்தப் பிள்ளை ஒரு முழமும் இராது. துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையைப் பெற்ற உம்மா யன்னலுக்குக் கிட்டக் கன்னத்தைக் கொண்டுபோய்க் காற்று வருகிறதா என்று பார்த்தாள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். ரமீஸ் யன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் புறப்பட்டபோது வாசல் வரைக்கும் வந்தவன், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

"திரை ஆடல்ல, ராத்தா."

இந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு வந்த பெயர் எவ்வளவென்றால், கலியாணமோ மௌத்தோ எந்த வீட்டுக்குப் போனாலும் நான் ஆட்களுக்கு முந்தி யன்னலைத்தான் பார்க்கிறேன், வீட்டுக்காரரும் என்னைக் கண்டவுடன் சலாம் சொல்வதற்கு முந்தி, மட்டை ஒட்டிய யன்னலின் திரையை இழுத்து மூடுகிறார்கள்.